ஏழரை

சூரமங்கலத்தில் ஜவ்வரிசி மெஷின் செய்கிற கம்பெனி.
பதினோரு வருஷம் வயரிங் படம் வரைந்தேன்.
ஒரு பங்குனி வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்
ஜெசிந்தா மேடம் இரண்டு காகிதம் நீட்டினார்.
ஒன்று என் ராஜினாமா, அவர்களே தட்டச்சு செய்தது.
மற்றது என்னை ‘ஆலோசகர்’ என்று அழைத்தது.

என்னிடம் யாரும் எதற்கும் ஆலோசனை கேட்டதில்லை.
அந்தச் சொல்லுக்காகவே கையெழுத்துப் போட்டிருப்பேன்.
கூடவே ஒரு தொகை: மாதம் அறுபத்திரண்டாயிரத்து ஐநூறு.
பழைய சீட்டைவிட ஒன்பதாயிரம் கூட.
அன்று சாயங்காலம் ஐந்து ரோட்டில் இறங்கி
தட்டுவடை செட் இரண்டு பிளேட் தின்றேன்,
யாருக்கும் பார்சல் வாங்காமல்.

திங்கட்கிழமை ஆலோசகர் அதே பஸ்ஸில் போனார்.
அதே நாற்காலி, ஒரு சக்கரம் சுற்றாதது.
விரல் வைத்ததும் மெஷின் அதே குரலில் நன்றி சொன்னது.
ஒன்பதே காலைத் தாண்டினால் அரை நாள் போச்சு, அதுவும் அப்படியே.
மாத முடிவில் மட்டும்
என் முதலாளிக்கு நானே பில் எழுத வேண்டும்.
‘பில் எண் 1’ என்று போடும்போது
அடுத்த வீட்டு மாங்காயைப் பறிப்பதுபோல் கை கூசியது.

பத்து சதவீதம் பிடித்தம் போக மிச்சம் வந்தது.
பிடித்துவிட்டார்கள் அல்லவா, வரி தீர்ந்தது என்றிருந்தேன்.
பி.எஃப். நின்றுபோனதை ஆவணியில்தான் கவனித்தேன்,
மழை நின்றதைக் கொஞ்ச நேரம் கழித்துக் கவனிப்பதுபோல.

மறு ஜூலை, செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிப் பட்டறைக்கு மேல் மாடி.
கீழே கொலுசுக்கு மணி ஒட்டும் ஊதுகுழல் சீறல்,
மேலே ஆடிட்டர் ரெஹானா. என்னைவிடப் பத்து வயது இளையவர்.
“வருஷத்துக்கு எவ்வளவு?”
“ஏழரை.”
“லட்சம்னு சேர்த்தே சொல்லுங்க,” என்றார், சிரிக்காமல்.

“பாதியை மட்டும் வருமானமாக் காட்ட வழி இருக்கு,
தொழில் செய்யறவங்களுக்கு.
நீங்க தொழில் செய்யறீங்களா?
கம்ப்யூட்டர் யாருது? லீவு யார் தர்றாங்க?
வேற யாருக்காவது ஒரு கோடு வரைஞ்சு குடுத்திருக்கீங்களா?”
கம்பெனியுது. ஜெசிந்தா மேடம். இல்லை.
“அப்ப காகிதம் ஒண்ணு சொல்லுது, நாற்காலி வேற சொல்லுது.
ஆபீசர் கேட்டா நாற்காலியைத்தான் நம்புவார்.”

பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.
என் பெயரில் கம்பெனி கட்டிய வரி.
செப்டம்பர் வரை வரிசையாக இருந்தது,
அதன் கீழே வெள்ளை.
“பிடிச்சிருக்காங்க. கட்டலை.
முப்பத்தேழாயிரத்து ஐநூறு
பஸ் ஏறியிருக்கு, எங்கேயும் இறங்கலை.”

மறுநாள் ஜெசிந்தா மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.
கதவைச் சாத்தச் சொன்னார்.
“எனக்கும் வெள்ளைதான் சார்,” என்றார்.
“ஏப்ரல்ல இருந்து நானும் ஆலோசகர்.”
பதினோரு வருஷத்தில் முதல் முறை ‘சார்’.
அந்த மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
இரண்டு ஆலோசகர்கள், சொல்ல ஆலோசனை ஏதுமில்லாமல்.

இன்று ஞாயிறு. ஏற்காடு பஸ்.
நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் தோலுரிக்கும் மெஷின்,
மோட்டார் ஸ்டார்ட்டர் அடிக்கடி எரிகிறதாம்.
மடியில் என் சொந்த லேப்டாப், தவணையில் வாங்கியது.
ஏழாவது வளைவைத் தாண்டி, எட்டு வருமுன்
இறங்கும் லாரிக்கு வழிவிட்டு பஸ் நிற்கிறது.
ஏழரை. எனக்கே சிரிப்பு.
வெளியே மழை ஈரத்தில் சில்வர் ஓக்.

எஸ்டேட் மேனேஜர் போனில் கேட்கிறார்:
“எத்தனை மணிக்கு வருவீங்க?”
இந்தக் கேள்விக்கு நான் இதுவரை
ஒன்பது என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை.
“வந்துடுவேன்,” என்கிறேன்.
எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை.
நெஞ்சு அடித்துக்கொள்கிறது.
பில் எண் 1,
மறுபடியும்.